"நல்ல சீரிஸ் ஒன்னு சொல்லுங்க" என்று கேட்பவருக்குச் சரியான தொடரைச் சொல்வது எப்படி?

இந்தக் கேள்வி வந்ததும் பிடித்த பத்துப் பெயர்களை மூச்சுவிடாமல் ஒப்பிப்பதுதான் வழக்கம். கேட்டவரும் தலையாட்டிவிட்டுப் போவார், ஆனால் ஒன்றையும் பார்க்க மாட்டார். பத்தில் எதை எடுப்பது என்று யோசிப்பதே அவருக்கு இன்னொரு வேலையாகிவிடும். ஆகவே ஒருவருக்கு ஒரே தொடர், மிஞ்சினால் ஒரு மாற்று. அதற்கு மேல் வேண்டாம். உங்களுக்காகவே தேடினாலும் கீழே உள்ள படிகள்தான்.

படி 1: மூன்று கேள்விகள்

"என்ன மாதிரி கதை பிடிக்கும்?" என்று கேட்காதீர்கள். "த்ரில்லர்" என்று பதில் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இவற்றைக் கேளுங்கள்:

- கடைசியாக முழுசாகப் பார்த்து முடித்த தொடர் எது?
- பாதியில் விட்டது எது, எந்த இடத்தில் விட்டீர்கள்?
- எப்போது, யாரோடு, எதில் பார்ப்பீர்கள்?

இரண்டாவது கேள்விதான் தங்கம். இரண்டாம் எபிசோடிலேயே விட்டவருக்குப் பொறுமையாக விரியும் கதை ஒத்துவராது. 'தி வயர்' எவ்வளவு உயர்ந்த தொடராக இருந்தாலும் அவரிடம் அதை எடுக்காதீர்கள். நாலாவது சீசனில் விட்டவரின் பிரச்சினை வேறு: கதை பிடித்துதான் இருந்தது, நீளம்தான் அலுத்துவிட்டது. அவருக்கு ஒரே சீசனில் முடிகிற குறுந்தொடர் பொருந்தும்.

மூன்றாவது கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஜெர்மானியத் தொடரான 'டார்க்' முதல் சீசனிலேயே 1953, 1986, 2019 என மூன்று காலங்களுக்குத் தாவும். ஒரே ஆள் வெவ்வேறு வயதில், வெவ்வேறு நடிகரின் முகத்தில் வருவார். துணி மடித்துக்கொண்டே பார்க்கிறவருக்கு அதைச் சொன்னால் மூன்றாவது எபிசோடில் உங்களைத்தான் திட்டுவார்.

படி 2: சீசனை எண்ணாதீர்கள், மணிக்கணக்கைப் பாருங்கள்

'பிரேக்கிங் பேட்' ஐந்தே சீசன்தான். ஆனால் மொத்தம் 62 எபிசோட். ஒன்றுக்கு முக்கால் மணி நேரம் என்று வைத்தாலே 46 மணி நேரத்துக்கு மேல். தினம் ஒன்று பார்த்தால் இரண்டு மாதம் ஓடும். 'செர்னோபில்' 5 எபிசோட், சுமார் ஐந்தரை மணி நேரம். ஒரு வார இறுதியில் முடிந்துவிடும். 'ஃப்ளீபேக்' இரண்டு சீசனும் சேர்ந்து 12 எபிசோட், ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்குள்.

எபிசோட் எண்ணிக்கையை மட்டும் நம்பினாலும் தப்பாகும். 'மணி ஹைஸ்ட்' ஸ்பெயின் தொலைக்காட்சியில் முதலில் வந்தபோது அந்தக் கதை 15 நீளமான எபிசோட்கள். நெட்ஃபிளிக்ஸ் அதையே வெட்டிப் பிரித்து 22 ஆக்கியது.

படி 3: கதை முடிந்ததா, நின்றுபோனதா?

புதிதாகச் சிபாரிசு செய்கிறவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. '1899' என்ற தொடர் 2022இல் 8 எபிசோடோடு வந்தது. கடைசிக் காட்சியில் பெரிய புதிர் ஒன்றைத் திறந்து வைத்தது. அடுத்த சீசன் கிடையாது என்று 2023 ஜனவரியில் அறிவித்துவிட்டார்கள். தொடர் கொலைகாரர்களைப் பற்றிய 'மைண்ட்ஹன்டர்' இரண்டு சீசனோடு 2019இல் நின்றது. இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. 'மைண்ட்ஹன்டர்' ஒவ்வொரு சீசனிலும் பெரும்பகுதி விசாரணையை ஓரளவு முடித்துவிடும் என்பதால், "பாதியில் நிற்கும்" என்று முன்கூட்டியே எச்சரித்துவிட்டுத் தாராளமாகச் சொல்லலாம். '1899' அப்படியில்லை.

தொடரின் விக்கிப்பீடியா பக்கத்தில் முதல் பத்தியை மட்டும் படித்தால் நிலவரம் தெரிந்துவிடும். கீழே இறங்காதீர்கள், அங்கே முழுக்கதையும் இருக்கும்.

படி 4: அவர் இருக்கும் நாட்டில் எங்கே கிடைக்கிறது?

ஒளிபரப்பு உரிமை நாட்டுக்கு நாடு மாறும், ஒப்பந்தக் காலம் முடிந்தால் தொடர் இடம் பெயரும். உங்கள் திரையில் தெரிவது அவர் திரையில் இல்லாமல் போகலாம். எது எங்கே ஓடுகிறது என்று காட்டும் ஜஸ்ட்வாட்ச் தளத்தில் முதலில் அவருடைய நாட்டைத் தேர்ந்தெடுத்து, பிறகு தொடரின் பெயரைத் தேடுங்கள். சந்தாவில் அடங்குகிறதா, தனியாக வாடகை கட்ட வேண்டுமா என்பதையும், எல்லா சீசனும் இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். சில இடங்களில் முதல் இரண்டு சீசன் ஒரு தளத்திலும் மீதி வேறொன்றிலும் கிடக்கும்.

ஒரே பெயரில் இரண்டு தொடர்கள் இருப்பதும் உண்டு. 'ஷோகன்' 1980இலும் இருக்கிறது, 2024இலும் இருக்கிறது. 'தி ஆபீஸ்' பிரிட்டனில் 2001இல், அமெரிக்காவில் 2005இல். பெயரோடு ஆண்டையும் சேர்த்தே சொல்லிப் பழகுங்கள்.

படி 5: எந்த மொழியில், எந்த எபிசோடில் தொடங்குவது?

மூல மொழி ஒலியும் சப்டைட்டிலும்தான் எங்கள் கட்சி. டப்பிங்தான் வேண்டும் என்பவரோடு சண்டை போடத் தேவையில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுங்கள். டப்பிங் வசனம் உதட்டசைவுக்குத் தகுந்தபடி மாற்றி எழுதப்படுவது, சப்டைட்டில் பெரும்பாலும் மூல வசனத்திலிருந்து தனியாக மொழிபெயர்க்கப்படுவது. இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டால் காதுக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று என்று எரிச்சல்தான் மிஞ்சும்.

தொடக்க எபிசோடைச் சொல்வது இன்னும் முக்கியம். அமெரிக்க 'தி ஆபீஸ்' தொடரின் முதல் சீசன் 6 எபிசோட்தான். முதலாவது ஏறக்குறைய பிரிட்டன் மூலத்தின் நகல். தொடர் தனக்கான நடையைப் பிடிப்பது இரண்டாம் சீசனில், அங்கே தொடங்கினால் நஷ்டமில்லை. 'பிளாக் மிரர்' ஒவ்வொரு எபிசோடும் தனிக்கதை. அதன் முதல் எபிசோடே பலரைத் துரத்திவிடும் வகை. மென்மையான மனசுக்காரருக்கு மூன்றாம் சீசனின் நாலாவது எபிசோடான 'சான் ஹுனிபெரோ'வைக் கொடுங்கள். 'டார்க்' போன்ற ஒற்றைக் கதையில் மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம்.

படி 6: மதிப்பெண்ணை எப்படிப் படிப்பது?

விமர்சனங்களைத் தொகுக்கும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் 95 சதவீதம் என்றால் நூற்றுக்கு 95 மார்க் என்று அர்த்தமில்லை. விமர்சகர்களில் 95 சதவீதம் பேர் சாதகமாக எழுதினார்கள், அவ்வளவுதான். எல்லோரும் "பரவாயில்லை" என்றாலும் அந்த எண் வரும். பார்வையாளர்கள் மதிப்பெண் போடும் ஐஎம்டிபி தளத்தில் பின்னால் வரும் சீசன்களுக்கு மதிப்பெண் ஏறினால் உடனே மகிழ வேண்டாம். பிடிக்காதவர்கள் முன்பே இறங்கிவிட்டார்கள், ரசிகர்கள் மட்டும் மிச்சம். அதே தளத்தில் பெற்றோருக்கான வழிகாட்டிப் பகுதி இருக்கிறது. யாரோடு பார்ப்பார் என்று கேட்டீர்களே, அந்தப் பதிலை வைத்துக்கொண்டு அதைப் படியுங்கள்.

படி 7: ஐந்து வரியில் எழுதி அனுப்புங்கள்

பெயர், ஆண்டு, நேரம், கதைக்கு ஒரே வரி, எச்சரிக்கை, விட்டுவிடுவதற்கான எல்லை. இப்படி:

"செர்னோபில், 2019. 5 எபிசோட், ஐந்தரை மணி நேரம், ஒரே சீசனில் முடிந்துவிடும். 1986 அணு உலை விபத்தும் அதை மூடி மறைத்த கதையும். கதிர்வீச்சில் வெந்த உடல்களைக் காட்டுவார்கள். நாலாவது எபிசோடில் விலங்குகளைச் சுடுகிறார்கள். இரண்டாவது எபிசோட் முடிந்தும் ஒட்டவில்லை என்றால் விட்டுவிடுங்கள்."

"கடைசியில் செம ட்விஸ்ட்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ட்விஸ்ட் இருக்கிறது என்று சொன்னாலே பாதி உடைந்துவிடும், பார்ப்பவர் முதல் காட்சியிலிருந்தே அதைத் தேட ஆரம்பிப்பார். ட்ரெய்லர் சுட்டியும் வேண்டாம். அடுத்தடுத்த சீசன்களின் ட்ரெய்லர் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பிறகு "பார்த்தாச்சா?" என்று தினமும் நச்சரிக்காதீர்கள். அவராகவே "விட்டுட்டேன்" என்று சொன்னால், எந்த எபிசோடில் என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.