ஸ்வீடன், நார்வே துப்பறியும் தொடர்களை எந்த வரிசையில் படிப்பது?

ஆங்கிலத்தில் வந்த ஆண்டைப் பார்க்காதீர்கள். பதிப்புரிமைப் பக்கத்தைத் திருப்பி, மூலமொழியில் முதலில் வெளியான ஆண்டைப் பார்த்து அந்த வரிசையில் படியுங்கள்.

இந்தக் கதைகளின் உயிரே போலீஸ்காரரின் சொந்த வாழ்க்கைதான். குடி, முறிந்த திருமணம், வளர்ந்த மகளோடு பிணக்கு எல்லாம் புத்தகத்துக்குப் புத்தகம் தொடரும். ஆனால் மொழிபெயர்ப்புகள் முன்பின்னாக வந்தன. நார்வே எழுத்தாளர் யோ நெஸ்போ, ஹாரி ஹோலே என்ற போலீஸ்காரரை வைத்து எழுதிய தொடரில் 1997இல் நார்வேயில் வந்த முதல் நாவல் ஆங்கிலத்துக்கு வந்தது 2012இல். ஐந்தாவதோ 2005லேயே வந்துவிட்டது. ஐந்தாவதை முதலில் எடுத்தால், அதற்கு முன் யாரை இழந்து ஹாரி இப்படி உடைந்தார் என்பது தெரிந்துவிடும். அப்புறம் மூன்றாவதைப் படிக்கும்போது அந்த அதிர்ச்சி போய்விடும், பெரிய நஷ்டம். ஸ்வீடன் எழுத்தாளர் ஹென்னிங் மான்கெலின் வாலண்டர் தொடரும் இப்படித்தான்: முதல் நாவலுக்கு (1991) அடுத்து ஆங்கிலத்தில் வந்தது மூன்றாவது.

ரயில் பயணத்துக்கு ஒரே ஒரு புத்தகம் போதும் என்றால் இது தேவையில்லை. வழக்கு பெரும்பாலும் அந்தந்தப் புத்தகத்திலேயே முடிந்துவிடும்.