ஜிபிஎல் கோட் உள்ள பாக்ஸை விக்கிறீங்களா, சோர்ஸ் விஷயத்துல இந்தத் தப்புகளப் பண்ணாதீங்க

ரவுட்டர், கேமரா, செட்டாப் பாக்ஸ்னு எதத் தொறந்தாலும் பெரும்பாலும் உள்ள லினக்ஸ் கெர்னலும் (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட மையம்) பிஸிபாக்ஸும் (சின்னச் சின்ன கமாண்டுகளோட தொகுப்பு) தான் ஓடும், ரெண்டுமே ஜிபிஎல் 2, அதாவது சாஃப்ட்வேர அடுத்தவங்களுக்குக் குடுத்தா அதோட சோர்ஸையும் (ஆளுங்க எழுதின மூலக் கோட்) குடுக்கணும்னு சொல்ற லைசென்ஸ். "நாங்க ஒரு வரி கூட மாத்தல, எதுக்கு சோர்ஸ் குடுக்கணும்"னு நிறைய பேர் கேக்கறாங்க. மாத்துனாலும் மாத்தலேன்னாலும் பைனரிய (கம்பைல் பண்ணி மெஷின்ல ஓடற வடிவம்) அடுத்தவங்க கையில குடுத்துட்டா சோர்ஸ் குடுத்தே ஆகணுங்க.

அடுத்த தப்பு, கெர்னல் சைட் லிங்க்க மட்டும் அனுப்பி விடறது. கேக்கறது நீங்க வித்த பைனரி எந்தக் கோட்ல இருந்து வந்துச்சோ அந்தக் கோட், நீங்க பண்ண மாத்தம் (பேட்ச்), மேக்ஃபைல், பில்ட் ஸ்கிரிப்ட் எல்லாம் சேர்த்து.

நான் முன்ன வேலை பார்த்த எடத்துல ஒரு கஸ்டமர் சோர்ஸ் கேட்டு மெயில் போட்டாரு. அந்த ஃபர்ம்வேர பில்ட் பண்ண பையன் வேலைய விட்டுப் போயி ஒரு வருஷம் ஆச்சு, அவன் லேப்டாப்ப ஃபார்மட் அடிச்சு வேற ஆளுக்குக் குடுத்தாச்சு, கெர்னல் கான்ஃபிக் ஃபைல் எங்கயும் இல்ல, டூல்செயின் (கம்பைலர் மாதிரி பில்ட் டூல்கள்) என்ன வெர்ஷன்னு சொல்ல ஆள் இல்ல, மூணு வாரம் நாங்க அதத் தேடியே அலைஞ்சோம். ரிலீஸ் அன்னைக்கே எல்லாத்தையும் கட்டி வெச்சிருந்தா பத்து நிமிஷ வேலை.

"இது சிப் கம்பெனி குடுத்த எஸ்டிகே (சிப்போட வர்ற சாஃப்ட்வேர் தொகுப்பு), அவங்ககிட்ட கேளுங்க"னு கைய விரிக்கறதும் செல்லாது, வித்தது நீங்க தானே. லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டர்ல 2003-ல இதே மாதிரி பிரச்சினை வந்து, கடைசில கோட வெளிய விட்டாங்க, அதுல இருந்து தான் ஓப்பன்டபிள்யூஆர்டிங்கற ரவுட்டருக்கான ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர் பொறந்துச்சு. ஆனா அந்தப் பேச்சு அதோட முடியல, 2008-ல லிங்க்சிஸ வெச்சிருந்த சிஸ்கோ மேல எஃப்எஸ்எஃப் (ஜிபிஎல்ல எழுதின ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன்) கேஸே போட்டுச்சு, மறு வருஷம் தான் சமரசம் ஆச்சு.

பாக்ஸோட சோர்ஸ வெக்காம, கேட்டா தர்றோம்னு எழுதிக் குடுக்கற வழிய எடுத்தா அது கொறஞ்சது 3 வருஷம் செல்லணும். கஸ்டமர் மட்டும் இல்ல, யார் கேட்டாலும் தரணும், காப்பி எடுத்து அனுப்பற செலவுக்கு மேல காசு கேக்கக் கூடாது. மீறினா ஜிபிஎல் 2-ல அந்தக் கோட காப்பி பண்ணி விக்கற உங்க உரிமை தானாவே போயிடும். ஜிபிஎல் 3-ல முதல் தடவன்னா, நோட்டீஸ் வந்து 30 நாளுக்குள்ள சரி பண்ணா உரிமை திரும்பக் கெடைக்கும்.

எம்ஐடி, பிஎஸ்டி மாதிரி லைசென்ஸ்ல சோர்ஸ் தர வேண்டாம், ஆனா காப்பிரைட் வரியையும் லைசென்ஸ் வாசகத்தையும் கூடவே வெக்கணும், இதையும் மறந்துடறாங்க.

கட்டி வெச்ச ஃபைல அந்த ப்ராஜெக்ட்ட தொடாத ஒருத்தர்கிட்ட குடுத்து, புது மெஷின்ல பில்ட் பண்ணச் சொல்லுங்க. அவர் எங்க நிக்கறாரோ அங்க தான் உங்ககிட்ட ஏதோ விட்டுப் போயிருக்கு.