சண்டையில் அடுத்த முறை யாருக்கு?

ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதை சொல்லி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் சண்டை மூண்டதும் எல்லோரும் 20 முகப் பகடையை உருட்டி, கூட்டிக் கழித்து, யாருக்குப் பின் யார் ஆடுவது என்று வரிசை எழுத வேண்டும். ஆட்டம் சூடுபிடிக்கும் நேரத்தில் இந்தக் கணக்கு எனக்குப் பிடிப்பதே இல்லை. எங்கள் மேசையில் இப்படி மாற்றிக்கொண்டோம்: யார் முதலில் என்பதற்கு மட்டும் பகடை. ஆடி முடித்தவர் அடுத்த ஆளைக் கைகாட்டுவார், எதிரியையும் காட்டலாம். ஒரு சுற்றில் ஒருவருக்கு ஒரு முறைதான். கடைசியாக ஆடியவர் அடுத்த சுற்றைத் தொடங்குபவரைச் சொல்வார், தன்னையே சொல்லிக்கொள்ளலாம். அதனால் பூதத்தைக் கடைசிக்குத் தள்ளினால் அது அடுத்தடுத்து இருமுறை அடித்துவிடும். அந்தப் பயத்தில் எல்லோரும் கூடிப் பேசித் திட்டமிடுவது அவ்வளவு நன்றாக இருக்கும்!

அப்புறம், ஆடி முடித்தவர் தன் முன்னால் ஒரு புளியங்கொட்டையை வைத்துவிடட்டும். யார் பாக்கி என்று பார்த்ததும் தெரிந்துவிடும்.