பள்ளி ஹாக்கி கோச்சின் பயோடேட்டாவைப் படிப்பது எப்படி?

அமெரிக்காவின் மின்னசோட்டாவில் நவம்பர் வந்தால் பள்ளி ஐஸ் ஹாக்கி அணிக்கு ஆள் எடுக்கும் ட்ரைஅவுட் வந்துவிடும். அதற்கு முன்னாலேயே பள்ளியின் இணையப் பக்கத்தில் கோச்சைப் பற்றி நாலு வரி போட்டிருப்பார்கள்: எந்தக் கல்லூரிக்கு ஆடினார், எங்கே எத்தனை வருஷம் அசிஸ்டென்டாக இருந்தார், வீட்டில் எத்தனை பிள்ளைகள், நாயின் பெயர் என்ன. நம்மில் பலர் ஐஸை முதலில் பார்த்ததே ஜூஸ் கடையில்தான், அதனால் "டிவிஷன் 1-ல் ஆடியவர்", அதாவது கல்லூரி விளையாட்டின் மேல்மட்டத்தில் ஆடியவர் என்று கண்ணில் பட்டதும் சரி, பெரிய ஆள் போலிருக்கிறது என்று மேற்கொண்டு எதுவும் பார்க்காமல் மூடிவிடுகிறோம். நானும் அப்படித்தான் மூடினேன்.

முதலில் ஆடிய கதையைச் சரிபாருங்கள். ஹாக்கிடிபி, எலைட் ப்ராஸ்பெக்ட்ஸ் என்ற இரண்டு இணையதளங்களிலும் பெயரைப் போட்டால் கல்லூரி, ஜூனியர் லீக் கணக்குகள் பெரும்பாலும் கிடைக்கும். கோல் எண்ணிக்கையை விடுங்கள், ஜி.பி. என்று ஒரு பத்தி இருக்கும், எத்தனை ஆட்டம் ஆடினார் என்பது அதில்தான். நான் தேடிய ஒருவர் நாலு வருஷம் டிவிஷன் 1 அணியில் இருந்திருக்கிறார், ஆடியது மொத்தம் ஆறே ஆட்டம். பயோடேட்டாவில் எழுதியது பொய்யும் இல்லை. அப்புறம் பிராக்டீஸுக்குப் போய்ப் பார்த்தால், பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கும் பையன்களிடம் ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும், அதாவது ஐஸில் ஆள் மாறும் ஒவ்வொரு தடவையும், பேசிக்கொண்டிருந்தவர் அந்த மனிதர் ஒருவர்தான்.

டிவிஷன் 3 என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம், அங்கே விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கிடையாது, அது இல்லாமலே படித்துக்கொண்டு ஆடியவர்கள். "கிளப் ஹாக்கி" என்று இருந்தால் அது வேறு, என்.சி.ஏ.ஏ. என்ற கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் கணக்கில் வராது.

எந்த இடத்தில் ஆடினார் என்பதையும் பாருங்கள், குறிப்பாக உங்கள் பிள்ளை கோலி (கோல்கீப்பர்) என்றால். கோலியின் பாஷை கோலிக்குத்தான் புரியும், ஹெட் கோச் கோலியாக இல்லாவிட்டால் தனியாக கோலி கோச் இருக்கிறாரா, வாரத்தில் எத்தனை நாள் வருகிறார் என்று கேளுங்கள். கோலியாக இருந்து பெரிய கோச்சானவர்களில் வில்லர்ட் இகோலாவைத்தான் இங்கே முதலில் சொல்வார்கள். எவலெத் என்ற சுரங்க ஊர்க்காரர், 1956 ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கிய அமெரிக்க அணியின் கோலி, 1958-லிருந்து 1991 வரை ஈடைனா பள்ளியில் இருந்து 8 மாநிலப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். அதே ஈடைனாவுக்குப் பிறகு வந்த கர்ட் ஜைல்ஸ் என்.ஹெச்.எல். என்ற பெரிய தொழில்முறை லீக்கில் கிட்டத்தட்ட 900 ஆட்டம் ஆடிய டிஃபென்ஸ்காரர், அவருக்கும் 2010, 2013, 2014, 2019, 2024 என்று பட்டங்கள் உண்டு.

இதைப் படித்துவிட்டு, பெரிதாக ஆடியவர்தான் நல்ல கோச் என்று கிளம்பிவிடாதீர்கள். ரோட் ஐலண்டில் மவுண்ட் செயின்ட் சார்ல்ஸ் பள்ளியின் பில் பெலைல், அந்தப் பள்ளி ரிங்க்கிலேயே ஐஸ் தேய்க்கும் ஜாம்போனி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர். 1978-லிருந்து 2003 வரை தொடர்ந்து 26 மாநிலப் பட்டம்! என்.ஹெச்.எல். அணிகள் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்ட பிரையன் லாட்டன் (1983), பிரையன் பெரார்ட் (1995) இரண்டு பேரும் அவர் கையில் வளர்ந்த பையன்கள்.

அதனால் ஆடிய வரியைவிட கோச்சிங் வரியை நிதானமாகப் படிக்க வேண்டும். யாருக்குச் சொல்லிக்கொடுத்தார்? எட்டு வயசுக்குட்பட்ட மைட்ஸ் பிள்ளைகளோடு பத்து வருஷம் இருந்தவரும், பதினாலு வயசு பேன்டம் பையன்களோடு இரண்டு வருஷம் இருந்தவரும் ஒன்றல்ல. ஹெட் கோச்சா, அசிஸ்டென்டா? மூன்று வருஷத்தில் மூன்று பள்ளி என்றால் கேளுங்கள், ஆனால் சந்தேகத்தோடு கேட்க வேண்டாம், இவர்களில் பலருக்குப் பகலில் வாத்தியார் வேலையோ வேறு வேலையோ இருக்கும், அந்த வேலை எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் போவார்கள்.

யு.எஸ்.ஏ. ஹாக்கி என்ற தேசிய அமைப்பு கோச்சுகளுக்குத் தரும் லெவல் சான்றிதழ் 1-லிருந்து 5 வரை உண்டு. அது முக்கியமாக ஊர்ச் சங்கங்களின் சிறுவர் அணிகளுக்கான ஏற்பாடு, பள்ளி அணிகள் மாநிலப் பள்ளி லீக்கின் விதிப்படி நடப்பவை. ஆகவே லெவல் இல்லை என்பதற்காக யாரையும் கழிக்காதீர்கள், இருந்தால் உட்கார்ந்து படித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். சேஃப்ஸ்போர்ட் என்ற பிள்ளைகள் பாதுகாப்புப் பயிற்சி முடித்தாரா என்று மட்டும் தயங்காமல் கேளுங்கள், நல்ல கோச் யாரும் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சீசனுக்கு முன் நடக்கும் பெற்றோர் கூட்டத்தில் "நீங்கள் எங்கே ஆடினீர்கள்?" என்று கேட்டால் பழைய கதை அரைமணி நேரம் ஓடும். "போன வருஷம் ஜே.வி.யில் (இரண்டாம் அணி) இருந்த எந்தப் பையன் இந்த வருஷம் வார்சிட்டிக்கு (முதல் அணி) வந்தான், அவனிடம் எதை மாற்றினீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். ஸ்கேட்டில் முழங்கால் மடியவில்லை, அதைச் சரிசெய்தோம் என்கிற மாதிரி பதில் வந்தால் நல்லது. "நல்ல உழைப்பாளி" என்று மட்டும் வந்தால், ஒரு நாள் சாயங்காலம் ரிங்க்குக்குப் போய் ஒரு காபியோடு மேலே உட்கார்ந்து, இருபது பையன்களில் எத்தனை பேர் ஸ்கேட் பண்ணுகிறார்கள், எத்தனை பேர் வரிசையில் சும்மா நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். ஜாக்கெட்டை மறக்காதீர்கள், உள்ளேயும் குளிரும்.