மூடிய சுரங்கத்தின் நீரிலிருந்து ஊருக்கு வெப்பம்: திட்டமிடும் முறை

1965 டிசம்பரில் நெதர்லாந்தின் ஹேர்லென் நகர அரங்கில், தென் லிம்பர்க்கின் நிலக்கரிச் சுரங்கங்கள் படிப்படியாக மூடப்படும் என்று அந்நாட்டு அரசு அறிவித்தது. 1974 இறுதியில் கடைசிச் சுரங்கமும் நின்றது. நாளடைவில் நீரிறைக்கும் பம்புகளும் நிறுத்தப்பட, வெட்டியெடுத்த வெற்றிடங்களில் நிலத்தடி நீர் நிரம்பி, பூமியின் சூட்டால் மெல்ல வெதுவெதுப்பானது. 2008 முதல் அந்த நீரே அவ்வூரின் கட்டடங்களைச் சூடாக்கிவருகிறது. இத்தகைய அமைப்பை ஒரு பழைய சுரங்க ஊர் எந்த வரிசையில் திட்டமிட வேண்டும் என்பதை இங்கே விளக்குகிறேன்.

குளிர்நாடுகளில் வீட்டுக்கு வீடு எரிவாயு பாய்லர் வைப்பதற்குப் பதிலாக, ஓரிடத்தில் நீரைச் சூடாக்கி, மண்ணுக்கடியில் பதித்த குழாய்கள் வழியே பல கட்டடங்களுக்கு அனுப்புவதுதான் பொது வெப்ப வழங்கல். ஒரு குழாயில் வெந்நீர் செல்லும். தன் சூட்டைக் கொடுத்து ஆறிய நீர் மற்றொரு குழாயில் திரும்பும்.

திட்டமிடுவோர் பெரும்பாலும் சுரங்கத்திலிருந்து தொடங்குகிறார்கள். கட்டடங்களிலிருந்து தொடங்குவதே சரி. எந்தத் தெருவில், எந்த மாதத்தில், எவ்வளவு வெப்பம் வேண்டும் என்பதை ஓராண்டின் எரிவாயுக் கணக்குகளைக் கொண்டு வரைபடத்தில் குறியுங்கள். மருத்துவமனை, கல்லூரி, அடுக்குமாடிக் குடியிருப்பு போல ஆண்டு முழுவதும் வெப்பம் வாங்கும் பெரிய கட்டடங்கள் ஒன்றுக்கொன்று அருகில் இருக்கும் பகுதியே முதற்கட்டத்துக்கு ஏற்றது. சிதறிக் கிடக்கும் தனி வீடுகளுக்குக் குழாய் பதிக்கும் செலவு, நீரில் கிடைக்கும் ஆதாயத்தை விழுங்கிவிடும். சுவர், கூரை, சன்னல்கள் வழியே வெப்பம் வெளியேறாதபடி வெப்பக் காப்பு செய்யும் வேலையையும் இதே கட்டத்தில் தொடங்க வேண்டும். காப்புள்ள வீட்டுக்கு 45 டிகிரி நீர் போதும். காப்பில்லாத பழைய வீடு 75 டிகிரி கேட்கும். இந்த வேறுபாடு பின்னால் மின்கட்டணத்தில் வந்து நிற்கும்.

அடுத்து சுரங்க வரைபடங்களைத் தேட வேண்டும். பிரிட்டனில் கைவிடப்படும் சுரங்கங்களின் வரைபடங்களை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 1872-லேயே சட்டம் வந்ததால், அங்கே இந்த வேலை எளிது. எந்த மட்டத்தில் பாதைகள் உள்ளன, அவை ஒன்றோடொன்று இணைந்தவையா, எவை இடிந்திருக்கக்கூடும் என்பதைப் பாருங்கள். அந்தப் பாதைகளில் வேலை செய்த முதியவர்கள் இன்னும் ஊரில் இருந்தால், அவர்களிடம் கேட்காமல் துளையிடாதீர்கள். காகிதத்தில் இல்லாத ஒரு திருப்பமோ சரிவோ அவர்கள் நினைவில் இருக்கும். தங்கள் உழைப்பால் உருவான வெற்றிடத்தைக் குறித்து முதலில் பேச உரிமையுள்ளவர்களும் அவர்களே.

பிறகு சோதனைத் துளை. ஹேர்லெனில் ஏறக்குறைய 700 மீட்டர் ஆழத்தில் 28 டிகிரி செல்சியஸும், 250 மீட்டரில் 16 டிகிரியும் உள்ள நீர் கிடைத்தது. இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட்டில் ஆழம் 150 மீட்டர்தான். வெப்பம் 15 டிகிரி. அந்த நீரைக் கொண்டே 2023-இல் 6 மெகாவாட் அமைப்பை ஊராட்சி மன்றம் இயக்கத் தொடங்கியது. ஆகவே ஆழமான சுரங்கம் இல்லையே என்று மனம் தளர வேண்டாம். ஊற்றின் அளவே முக்கியம். நொடிக்கு ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி குளிர்வித்தால் ஏறக்குறைய 4.2 கிலோவாட் வெப்பம் கிடைக்கும். நொடிக்கு 50 லிட்டர் நீரை 5 டிகிரி குளிர்வித்தால் ஒரு மெகாவாட்டுக்குச் சற்று மேல். இவ்வளவு நீரை ஓரிரு மணி நேரமல்ல, வாரக்கணக்கில் இறைத்தும் மட்டம் தாழாமல் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். நன்னீரைக் காப்பதற்காகச் சுரங்க நீரை ஏற்கெனவே இறைத்துச் சுத்திகரிக்கும் நிலையம் அருகில் இருந்தால், புதிய துளைக்கு முன் அதையே பாருங்கள்.

வெப்பத்தை எடுத்துக்கொண்ட பின் நீரைச் சுரங்கத்துக்கே திருப்பிவிடும் கிணற்றை நீரெடுக்கும் கிணற்றுக்கு அருகில், அதே பாதையில் வைத்தால், குளிர்ந்த நீர் விரைவிலேயே சுற்றிவந்து ஊற்றைக் குளிர்வித்துவிடும். வேறு மட்டத்திலோ நல்ல தொலைவிலோ விட வேண்டும். இரும்பும் தொல்லை தரும். சுரங்க நீரில் கரைந்துள்ள இரும்பு, காற்றுப் பட்டவுடன் காவிச் சேறாகப் படிந்து, வெப்பப் பரிமாற்றியையும் (இரு நீர்களையும் கலக்காமல் ஒன்றின் சூட்டை மற்றொன்றுக்கு மாற்றும் கருவி) திரும்பும் கிணற்றையும் அடைத்துவிடும். ஆதலால் நீர் ஓரிடத்திலும் காற்றைத் தொடாதபடி அழுத்தத்துடன் மூடிய குழாயிலேயே ஓட வேண்டும். திரும்பும் குழாயின் வாய் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். வீடுகளுக்குச் செல்லும் நீர் வேறு, சுரங்க நீர் வேறு. இரண்டுக்கும் இடையே வெப்பம் மட்டும்தான் கடக்க வேண்டும்.

இந்த வெதுவெதுப்பை வீட்டுக்குத் தேவையான சூட்டுக்கு உயர்த்துவது ஹீட் பம்ப். குளிர்சாதனப் பெட்டி உள்ளிருந்து வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுவதைப் போன்றதே இதன் வேலை. 15 டிகிரி நீரிலிருந்து 45 டிகிரிக்கு உயர்த்தும்போது, ஒரு பங்கு மின்சாரத்துக்கு ஏறக்குறைய நான்கு பங்கு வெப்பம் கிடைக்கும்; 75 டிகிரி வேண்டுமென்றால் அது மூன்றுக்கும் கீழே இறங்கிவிடும். கார்பன் கணக்கும் இங்கேதான் தீர்மானமாகிறது. நிலக்கரி மின்சாரம் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கார்பன் டைஆக்சைடை வெளியிடும்; அதைக் கொண்டு நான்கு பங்கு வெப்பம் எடுத்தாலும் ஒரு யூனிட் வெப்பத்துக்குக் கால் கிலோ ஆகிறது. எரிவாயு பாய்லரோ கால் கிலோவுக்கும் சற்றுக் குறைவாகவே வெளியிடுகிறது. எனவே காற்றாலை, சூரிய மின்சாரத்துக்கான ஏற்பாட்டையும் சேர்த்துத் தீட்டாத திட்டத்தைக் குறைந்த கார்பன் திட்டம் என்று அழைப்பது தவறு.

ஹேர்லென் கற்றுக்கொண்ட முதன்மையான பாடம், சுரங்க நீரை எடுத்துத் தீர்க்கும் ஊற்றாகக் கருதக் கூடாது என்பதே. தொடக்கத்தில் அவர்கள் கீழிருந்து வெப்பத்தை எடுத்துக் கட்டடங்களுக்குக் கொடுத்தார்கள். 2013-இல் அமைப்பையே மாற்றி, கணினி மையங்களும் குளிரூட்டும் கட்டடங்களும் வெளியேற்றும் வெப்பத்தை அதே குழாய்களில் வாங்கி, அண்டைக் கட்டடத்துக்குக் கொடுத்து, மிஞ்சியதைச் சுரங்கத்தில் சேமித்துவைக்கும் முறைக்கு வந்தார்கள். கோடையில் வைத்ததைக் குளிர்காலத்தில் எடுக்கலாம். உங்கள் ஊரிலும் வெப்பம் வாங்குவோரைத் தேடும்போதே, வெப்பத்தை வீணாக வெளியே விடுவோரையும் தேடி ஒப்பந்தம் செய்யுங்கள்.

உரிமையை ஊராட்சி மன்றமே வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. ஒரு தெருவுக்கு ஒரே குழாய்தான். பிடிக்கவில்லை என்றால் வேறு நிறுவனத்துக்கு மாற வீட்டாருக்கு வழியில்லை. கட்டண உச்சவரம்பையும், பழுதானால் எத்தனை மணி நேரத்துக்குள் சரிசெய்யப்படும் என்பதையும், கடுங்குளிர் நாளுக்கான மாற்றுப் பாய்லரையும் இணைப்பு தருவதற்கு முன்பே எழுத்தில் கொடுக்க வேண்டும்.

இயங்கத் தொடங்கிய பின், ஒவ்வொரு கிணற்றிலும் வெப்பம், மட்டம், இரும்பு ஆகியவற்றைத் தொடர்ந்து அளந்து, ஆண்டு முடிவில் எடுத்த வெப்பத்தையும் திருப்பிச் செலுத்திய வெப்பத்தையும் ஒப்பிட்டு மக்கள் பார்வைக்கு வையுங்கள். எடுத்தது தொடர்ந்து மிஞ்சி, கிணற்று நீரும் குளிர்ந்துவந்தால், புதிய வீடுகளை இணைப்பதை நிறுத்திவைத்து, கோடையில் செலுத்தும் வெப்பத்தை முதலில் கூட்ட வேண்டும்.