தொழிலுக்குப் பெயர் சூட்டுவது எப்படி? கதையிலிருந்து தொடங்கும் ஒரு செய்முறை

புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களில் பலர் முதலில் பெயரை முடிவு செய்து, பலகையும் எழுதிவிட்டு, அதன்பிறகே வாடிக்கையாளரிடம் என்ன சொல்வது என்று யோசிக்கிறார்கள். இந்த வரிசையைத் திருப்பிப் போட்டால் வேலை எளிதாகும். மரச்செக்கு எண்ணெய் விற்கத் தொடங்கும் ஒருவரை மாதிரியாக வைத்துக்கொண்டு பார்ப்போம்.

படி 1: கதையை நான்கு வரிகளில் எழுதுங்கள்

வாங்குபவர் யார், அவருக்கு இதுவரை இருந்த தொல்லை என்ன, நீங்கள் எதை மாற்றினீர்கள், அதனால் அவருக்குக் கிடைப்பது என்ன என்ற நான்கு கேள்விகளுக்கு மட்டும் விடை எழுதினால் போதும். “தரமே எங்கள் தாரக மந்திரம்” போன்ற வரி வந்தால் அடித்துவிடுங்கள். அதை எல்லோரும் சொல்கிறார்கள்.

1888-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் கோடாக் கேமராவை விற்ற விதம் இதற்குச் சிறந்த பாடம். கண்ணாடித் தகடுகளோடும் ரசாயனங்களோடும் மல்லுக்கட்டத் தெரிந்தவர்களே படமெடுத்துக்கொண்டிருந்த காலத்தில், நூறு படங்களுக்கான சுருளை உள்ளேயே வைத்து 25 டாலருக்குக் கேமராவை விற்று, படங்கள் தீர்ந்ததும் கேமராவையே திருப்பி அனுப்பச் சொல்லி, கழுவிய படங்களோடும் புதிய சுருளோடும் அதை மீண்டும் அனுப்பிவைத்தார். “நீங்கள் பொத்தானை அழுத்துங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்ற விளம்பர வரிக்குள் மேலே சொன்ன நான்கு விடைகளும் அடங்கிவிடுகின்றன. கோடாக் என்ற சொல்லுக்கோ எந்தப் பொருளும் கிடையாது. கே என்ற எழுத்தின் மீது பற்றுக்கொண்ட ஈஸ்ட்மன் தாமாகவே உருவாக்கிய சொல் அது. கதை வலுவாக இருந்தால் பொருளற்ற பெயரும் நிற்கும் என்பதே என் கருத்து.

நம் எண்ணெய்க்காரரின் கதை இப்படி இருக்கலாம்: நகரத்தில் வாடகை வீட்டில் இருப்பவருக்குத் தாம் வாங்கும் எண்ணெய் எப்போது ஆட்டியது என்று தெரிவதில்லை, நாங்கள் ஒவ்வொரு புட்டியிலும் ஆட்டிய தேதியை எழுதித் தருகிறோம்.

படி 2: பெயரின் வகையைத் தேர்ந்தெடுங்கள்

நிறுவியவரின் பெயரெழுத்துகள் டி.வி.எஸ். ஆயின; மெட்ராஸ் ரப்பர் ஃபாக்டரி சுருங்கி எம்.ஆர்.எஃப். ஆனது. டாடா குழுமமும் தமிழக அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் 1984-இல் கூட்டாகத் தொடங்கிய கடிகார நிறுவனமான டைட்டனின் பெயர் டாடா இண்டஸ்ட்ரீஸ், தமிழ்நாடு ஆகிய பெயர்களின் ஆங்கில எழுத்துகளைக் கோத்து உருவானது. கூட்டாளிகள் இருவரும் பெயருக்குள் இருந்தாலும், கடிகாரம் வாங்குபவருக்கு அது தெரிய வேண்டிய தேவையே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு கவின்கேர். சி.கே. ரங்கநாதன் தம் தந்தை சின்னி கிருஷ்ணனின் பெயரைச் சுருக்கி முதலில் சிக் ஷாம்பூ என்று பெயரிட்டார். 1998-இல் நிறுவனத்திற்கு வைத்த புதிய பெயரிலும் அழகைக் குறிக்கும் கவின் என்ற தமிழ்ச்சொல்லோடு தந்தையின் சி, கே என்ற முதலெழுத்துகளை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தாகப் (CavinKare) பொதித்தார். விற்கும் பொருளும் குடும்பக் கதையும் ஒரே பெயரில் சேர்ந்துவிட்டன.

படி 3: பட்டியல் போடுங்கள்

கதையில் வரும் பொருள்களிலிருந்து சொற்களை எடுங்கள். செக்கு செய்யும் வாகை மரம், எள்ளோடு சேர்த்து ஆட்டும் கருப்பட்டி, ஆட்டிய நாள் என்று இருபது சொற்களாவது தேறும்.

படி 4: வாயில் போட்டுப் பாருங்கள்

தொலைபேசியில் ஒருவரிடம் பெயரை ஒரே முறை சொல்லி, அவரை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். மூன்று பேர் மூன்று விதமாக எழுதினால் அந்தப் பெயரை விட்டுவிடுங்கள். எண்கணித ஜோதிடத்திற்காக ஓர் எழுத்தைக் கூட்டிப் போடுகிறவர்கள் இந்தச் சோதனையில்தான் தோற்பார்கள்; இணையத்தில் தேடுகிறவர் அந்தக் கூடுதல் எழுத்தைத் தட்டப்போவதில்லை. டோக்கியோ சூஷின் கோக்யோ என்ற ஜப்பானிய நிறுவனம் 1958-இல் சோனி என்று பெயர் மாற்றிக்கொண்டதற்கும், வெளிநாட்டவர் வாயில் பழைய பெயர் நுழையவில்லை என்பதே முக்கியக் காரணம்.

படி 5: சட்டப்படி கிடைக்குமா என்று பாருங்கள்

வர்த்தகக் குறிப் (டிரேட்மார்க்) பதிவகத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். எழுத்தை மட்டுமின்றி ஒலி ஒற்றுமையையும் வைத்துத் தேடுங்கள். பதிவுக்காகப் பொருள்களைப் பிரித்திருக்கும் வகுப்புகளில் சமையல் எண்ணெய் 29-ஆம் வகுப்பில் வருகிறது. “சுத்தமான நல்லெண்ணெய்” போல் பொருளை அப்படியே விவரிக்கும் பெயரை, 1999-ஆம் ஆண்டு வர்த்தகக் குறிச் சட்டத்தின் 9-ஆவது பிரிவின்படி பொதுவாக மறுத்துவிடுவார்கள். பதிவு கிடைத்தால் பத்தாண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். கம்பெனிப் பதிவாளர் ஒரு பெயரை ஒப்புக்கொண்டார் என்பதற்காக அது உங்கள் வர்த்தகக் குறியாகிவிடாது; இரண்டும் தனித்தனி வேலைகள்.

படி 6: கதையைப் புட்டியில் ஏற்றுங்கள்

பின்பக்கச் சீட்டில் இரண்டு வாக்கியங்களுக்கு மேல் வேண்டாம். “இந்த எண்ணெயை வாகைமரச் செக்கில் ஆட்டினோம். ஆட்டிய தேதி மூடியில் உள்ளது.” இவ்வளவே போதும். தூய, இயற்கையான, பாரம்பரியமான போன்ற சொற்களை உணவுப் பொருளின் மேல் அச்சிடுவதற்கு, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விளம்பர விதிமுறைகள் நிபந்தனைகள் விதித்திருக்கின்றன. அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் அவற்றைப் படித்துவிடுங்கள்.