செஞ்சிக் கோட்டைக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செஞ்சிக் கோட்டையின் மூன்று மலைகளில் உயரமான ராஜகிரியில் ஏறி இறங்கி வருகிறவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “தேசிங்கு ராஜா செத்த இடம் எது?” கோட்டைக்குள் தேடினால் கிடைக்காது. 1714 அக்டோபரில் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படை வந்தபோது செஞ்சியை ஆண்ட தேசிங்கு கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்காரவில்லை. கொஞ்சம் குதிரைக்காரர்களோடு வெளியே போய் வெட்டவெளியில் மோதினான். குண்டடி பட்டு அங்கேயே விழுந்தான். வயது 22. ஊரறிந்த அந்த ஒரு கதையை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மலை ஏறுவதுதான் செஞ்சியில் செய்கிற முதல் தவறு.

அந்தக் கதையும் நமக்குப் பாதிக்கு மேல் பாட்டாகவும் கூத்தாகவும் வந்ததுதான். நீலவேணிக் குதிரை, கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து போருக்கு வந்த தோழன் எல்லாம் அங்கே இருந்து வந்தவை. பாட்டைப் பாட்டாக ரசியுங்கள். வழியில் யாராவது “இதோ, இந்தப் பாறையிலிருந்துதான் குதிரையோடு தாவினான்” என்று கை காட்டினால் தலையை ஆட்டிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

யாரும் கேட்காத கதை ஒன்று அதே மலையில் இருக்கிறது. சிவாஜியின் மகன் ராஜாராம், மொகலாயர் துரத்த, 1689 கடைசியில் செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டே ஔரங்கசீபின் தளபதி சுல்பிகார் கான் கோட்டையைச் சுற்றி வளைத்தார். ஒன்றல்ல, இரண்டல்ல, 1698 வரை இழுத்தது அந்த முற்றுகை. நடுவில், 1692 கடைசியில், நிலைமை தலைகீழானது. மராட்டியத் தளபதிகள் சாந்தாஜி கோர்ப்படே, தனாஜி ஜாதவ் இருவரும் படையோடு வந்து, முற்றுகை போட்டவர்களையே வளைத்துக்கொண்டார்கள். மொகலாயப் படை வந்தவாசிக்குப் பின்வாங்க வேண்டியதாயிற்று. கடைசியில் கோட்டை விழுந்தபோது ராஜாராம் உள்ளே இல்லை, தப்பிவிட்டிருந்தார். தளபதியே கண்டும் காணாமல் விட்டார் என்ற பேச்சு அப்போதே இருந்தது.

இது தெரிந்து ஏறினால், உச்சிக்குச் சற்று முன்னால் வரும் அந்தச் சிறு பாலம் வேறு மாதிரி தெரியும். பெரும்பாலோர் அதில் நின்று ஒரு செல்ஃபி எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நின்று கீழே எட்டிப் பாருங்கள். சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். இயற்கையாகப் பிளந்து கிடந்த பாறையை இன்னும் வெட்டி ஆழமாக்கியிருக்கிறார்கள். பாலத்தை எடுத்துவிட்டால் உச்சி தனித் தீவு. மேலேயே தானியக் களஞ்சியம் இருக்கிறது, சுனையும் இருக்கிறது. இப்படி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பையன் தேசிங்கு ஏன் கீழே இறங்கிப் போனான்? ஒவ்வொரு முறையும் எனக்கு அங்கேதான் இந்தக் கேள்வி வரும். வீரம் என்பார்கள், சரி. ஆனால் மூன்று மலைகளையும் சேர்த்துச் சுற்றி வரும் மதில் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல். அதைக் காக்க அவனிடம் ஆள் இல்லை. 1750இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே ராத்திரியில் இதே கோட்டையைப் பிடித்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், தேசிங்கு எடுத்த முடிவு அவ்வளவு பைத்தியக்காரத்தனமாகத் தெரியவில்லை.

அப்புறம் நேரம். சென்னையில் ஏழு மணிக்குக் கிளம்பி, திண்டிவனத்தில் நிதானமாக டிபன் முடித்து, பதினொரு மணிக்கு அடிவாரத்தில் வந்து நிற்பதுதான் வழக்கம். ராஜகிரி சுமார் 800 அடி உயரம். படிகள் ஒன்று போல ஒன்று இருக்காது, முழங்காலுக்கு வேலை அதிகம். பாதிக்கு மேல் பாறை மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் சூட்டைக் கக்கும். முதல் நாளே திருவண்ணாமலையிலோ திண்டிவனத்திலோ தங்கி, கதவு திறக்கும்போது வாசலில் நிற்பது நல்லது. மேலே ஏறுவதற்கு அனுமதி கோட்டை மூடும் நேரத்துக்கு வெகு முன்பே நின்றுவிடும் என்பதால், “மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஏறலாம்” என்று தள்ளிப்போட்டால் கீழேயே நிற்க வேண்டிவரும். சித்திரை, வைகாசியில் போகவே போகாதீர்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும், மேலே கடை கிடையாது.

அந்தத் தண்ணீரைக் கையில் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். செஞ்சிக் குரங்குகளுக்கு பிளாஸ்டிக் கவர் சரசரக்கும் சத்தம் நன்றாகத் தெரியும். பாறையில் சும்மா படுத்திருக்கும், கவர் அசைந்ததும் எழுந்து பின்னாலேயே வரும். எல்லாவற்றையும் முதுகுப் பையில் போட்டு ஜிப்பை இழுத்து விடுங்கள். பிஸ்கட்டை அங்கே பிரிக்கவே வேண்டாம்.

உச்சியைத் தொட்டாயிற்று, வேலை முடிந்தது என்று காரில் ஏறிவிடுவது இன்னொரு தவறு. மலை ஏற முடியாத பெரியவர்களை வண்டியிலேயே உட்கார வைப்பதும் அப்படித்தான். கீழ்க்கோட்டைக்கே அரை நாள் வேண்டும். கல்யாண மகாலும் களஞ்சியங்களும் ஆனைக்குளமும் எல்லோர் கண்ணிலும் படும். வெங்கடரமணர் கோயிலுக்குத்தான் ஆள் வருவதில்லை. அதன் கோபுர வாசலின் உள்சுவரில் ராமாயணக் காட்சிகளும் பாற்கடல் கடைதலும் செதுக்கியிருப்பதை நின்று பார்க்க வேண்டும். தூண்கள் குறைகின்றனவே, எந்தப் படையெடுப்பில் இடித்தார்கள் என்று அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். தூண்களைப் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை செஞ்சித் தூண்கள்தான்.

கோட்டையின் புதுச்சேரி வாசல் பக்கம் சாதத்துல்லா கானின் பள்ளிவாசல் இருக்கிறது. தேசிங்கு விழுந்து மூன்று வருடம் கழித்து, 1717-18இல் கட்டியது. வென்றவர் விட்டுப்போன தடம், ஆனால் தேசிங்கைத் தேடி வருகிறவர்கள் இதைக் கண்டுகொள்வதே இல்லை. சக்கரகுளத்துக்குப் பக்கத்தில் கிணறு போல உள்ளே குழிந்த பெரும் பாறை ஒன்று உண்டு. கைதிகளை அதற்குள் தள்ளிப் பட்டினி போட்டுச் சாகவிட்டதாகச் சொல்கிறார்கள். அங்கே போய்க் கல் எறிந்து எதிரொலி கேட்டு விளையாட வேண்டாமே.

2025 ஜூலையில் மராட்டியர்களின் பன்னிரண்டு கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், மிச்சம் ஒன்று செஞ்சி. அதிலிருந்து ‘சிவாஜி கட்டிய கோட்டை’ என்று எழுதுவது பெருகிவிட்டது. அவர் 1677இல் பிடித்து, மதில்களைப் பலப்படுத்தினார். அதற்கு முன்பே நாயக்கர்கள், பீஜப்பூர் சுல்தான்கள் என்று பலர் கை மாறிய இடம் இது. மகால், களஞ்சியம், கோயில் எதைப் பார்த்தாலும் “இது யார் காலத்தது?” என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. ராஜகிரி உச்சியிலும் ஒரு ரங்கநாதர் கோயில் இருப்பதால், தேசிங்கு கும்பிட்ட ரங்கநாதர் அதுதான் என்று பலர் திரும்பிவிடுகிறார்கள். கதையில் வருபவர் சில கிலோமீட்டர் தள்ளி சிங்கவரம் குன்றில், பல்லவர் காலக் குடைவரையில், பாறையோடு பாறையாகப் படுத்திருக்கிறார். போருக்குப் போக உத்தரவு கேட்டபோது, வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதைக் காட்டி ஊர்க்காரர்கள் இன்றும் சொல்வார்கள். மதியம் நடை சாத்தியிருக்கும், நேரம் விசாரித்துக்கொண்டு போங்கள்.